வடிவ கணித வித்தகர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி

உலகில் ஒருவர் செய்த நற்பணியின் பயன் அவர் வாழ்நாளிலேயே விளைதலும் உண்டு. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர், அவர் கனவிலுங் கருதியிராத துறையில் விளைதலும் உண்டு. முன்னையது கண்டு உலகம் பாராட்டும். பின்னையதை உலகம் நுகருமேயன்றி, விதைத்தவர் யாரென வினவுதல் அரிது. அங்ஙனம் வினவப்படாத பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி என்னும் கணித வித்தகர்.

தமிழ் பயிலும் நமக்குக் கணித நூலாரோடு யாது தொடர்பு என நண்பர் சிலர் வினவக்கூடும். இந்நாளில் நம் மாணவர் பலர் ஓய்வு நேரங்களிற் கணினித் திரையில் சிறு அசைபடங்களையும் விளையாட்டுக்களையும் இயற்றி மகிழ்கின்றனர். பந்து சுவரிற்பட்டு மீள வேண்டும். பறவை மரக்கிளையில் மோதினால் கீழே விழவேண்டும். எறிந்த கல் மாங்காயிற் பட்டால் மாங்காய் உதிர வேண்டும். கண்ணாற் காண்போர்க்கு இஃது எளிய செய்தி. ஆயின் திரையில் தோன்றும் உருவங்களுக்கு உடம்பென்பது இல்லை. அவை நிழல்போல ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். இன்ன நொடியில் இவ்விரண்டும் முட்டின என்று கணக்கினால் அறிந்து சொல்லும் பொறுப்பு நிரல் எழுதுவோரையே சார்ந்தது.

இரண்டும் வட்டங்களாயின் தொல்லை சிறிதும் இல்லை. இரு மையங்களுக்கு இடையேயுள்ள தூரம் இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகைக்கு மேற்படாதாயின் அவை முட்டின என்று துணியலாம். ஒரே நிலையில் நிற்கும் செவ்வகங்களாயினும் கணக்கு எளிதே. ஆனால் தோகை விரித்த மயிலுக்கும் கொம்புயர்த்திய காளைக்கும் யாது செய்வது? பழகத் தொடங்குவோர் ஒவ்வோர் உருவத்தையுஞ் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, பெட்டிகள் முட்டினால் உருவங்களும் முட்டின என்று கொள்வர். அங்ஙனங் கொண்டால், மயிலின் கழுத்துக்கும் தோகைக்கும் இடையேயுள்ள வெற்றிடத்திற் சென்ற கல்லும் மயிலின்மேற் பட்டதாகவே கணினி தீர்ப்புக் கூறும். ஆடுவோர் இஃது அநீதி என்று முறையிடுவர். அம்முறையீடு முற்றும் நேரியதே. இத்தகைய பொய்த்தீர்ப்பை நீக்கும் வழியின் அடிப்படையை, கணினி என்னும் பெயரே வழங்காத காலத்தில் வகுத்து வைத்தவர் மின்கோவ்ஸ்கி. ஆதலின் அவர் வரலாறு நம் மாணவர்க்கு அயலதன்று.

பிறப்பும் இளமையும்

மின்கோவ்ஸ்கி 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் நாள், நெமுனாஸ் ஆற்றங்கரையில் உள்ள அலெக்சோடாஸ் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் ருஷியப் பேரரசிற்கு உட்பட்டிருந்தது. இப்பொழுது லித்துவேனியா நாட்டின் கௌனாஸ் நகரத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. அக்காலத்தில் ஆற்றின் ஒரு கரையில் ஒரு பஞ்சாங்கமும் மறுகரையில் வேறொரு பஞ்சாங்கமும் வழங்கின. பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்களே ஆயினும், நாட்கணக்கில் பன்னிரண்டு நாள் முன்பின்னாகும் என அந்நகரத்தார் நகையாடுவர்.

எல்லையோரத்தில் வாழ்வோர்க்கு இத்தகைய செய்திகள் புதியன அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கோடியில் உள்ள நம் பள்ளிப்பட்டையே எடுத்துக்கொள்வோம். மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் ஆந்திர நாட்டின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்திற்குப் பின்னர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணியோடு சென்னை மாநிலத்திற் சேர்ந்தது. இன்றும் நிலப்படத்தில் இவ்வெல்லையை நோக்குவோர், கோடு நேரே செல்லாது ஓரிடத்தில் உட்குழிந்தும் ஓரிடத்தில் வெளியே நீண்டும் செல்லுதலைக் காண்பர். ஒழுங்கற்ற உருவம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டை நாம் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. இவ்வெல்லையை நாம் மீண்டும் நினைக்க நேரும்.

மின்கோவ்ஸ்கியின் பெற்றோர் யூத மரபினர், தந்தையார் வணிகர். அந்நாளில் ருஷியப் பேரரசில் யூதர்க்கு இழைக்கப்பட்ட இடுக்கண்கள் பலவாதலின், அக்குடும்பம் 1872-ஆம் ஆண்டில் தம் ஊரையும் உடைமையையும் விடுத்து, ஜெர்மானியர் நகராகிய கியோனிக்ஸ்பெர்க்கிற் குடியேறிற்று. அப்பொழுது ஹெர்மனுக்கு அகவை எட்டு. அவர் தமையனார் ஆஸ்கர் மருத்துவம் பயின்று, கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு நோய் உண்டாதலை 1889-ஆம் ஆண்டில் மெரிங் என்பாரோடு கண்டறிந்தவர். 1921-ஆம் ஆண்டில் இன்சுலின் கண்டறியப்படுதற்கு அஃது ஒரு பெரும் படியாயிற்று. ஒரே இல்லத்திற் பிறந்த இருவருள் ஒருவர் உடலின் மறைபொருளையும் மற்றொருவர் வடிவின் மறைபொருளையும் ஆராய்ந்தமை வியத்தற்குரியது.

ஹெர்மன் பள்ளிப்படிப்பை மிக விரைவில் முடித்து, பதினைந்து வயதிலேயே பல்கலைக்கழகம் புகுந்தார். இயல்பாகவே கூச்சம் மிக்கவர். தம் அறிவைப் பறைசாற்றாதவர். கணிதப் பணிக்காகத் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை ஏழை மாணவர் ஒருவர்க்கு விட்டுக்கொடுத்து, அதனை வீட்டாரிடமும் கூறாதிருந்தார் என ஒரு செய்தி வழங்குகிறது.

பாரிசுப் பரிசும் பழியும்

1881-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து அறிவியற் கழகம் ஒரு பெரும் பரிசை அறிவித்தது. ஓர் எண்ணை ஐந்து வர்க்க எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வகையால் எழுதலாம் என்பதே கேள்வி. மாணவராகிய மின்கோவ்ஸ்கி இவ்வொரு கேள்விக்கு மட்டும் விடையளித்து அமையாமல், அதனை உள்ளடக்கிய பரந்த கொள்கை ஒன்றையே வகுத்து நூற்று நாற்பது பக்கங்களில் எழுதினார். பிரெஞ்சு மொழியில் எழுதுதல் வேண்டும் என்பது விதி. மொழிபெயர்க்க நேரமின்மையால் ஜெர்மன் மொழியிலேயே அதனை அனுப்பிவிட்டார். விதி மீறியதென்று கழகத்தார் அதனைத் தள்ளவில்லை. 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர்க்கு வயது பதினெட்டே.

ஆயினும் அப்பரிசு அவர்க்கு மட்டும் உரியதாக வரவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்றி ஸ்மித் என்பார், அதே கேள்விக்குரிய முடிவை 1867-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். கழகத்தார் இதனை அறியாமலே பரிசை அறிவித்துவிட்டனர். ஸ்மித் தம் முறையை விரித்து எழுதி அனுப்பினார். ஆனால் பரிசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு மாதத்திற்கு முன், 1883-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உயிர் துறந்தார். அறுபதை எட்டாத முதுபேரறிஞரும் இருபதை எட்டாத இளைஞரும் ஒரே பரிசைப் பகிர்ந்தனர். ஒருவர் அதனைக் கண்ணாற் காணவில்லை.

இஃது அறிந்த செய்தித்தாள்காரர் சிலர் வாளா இருந்திலர். முன்னரே அச்சேறிய முடிவை இவ்விளைஞன் களவாடினான் என்று பழி தூற்றினர். பதினெட்டு வயதினர் ஒருவர்க்கு இதனினும் கொடிய இடி வேறுண்டோ? புலமை உலகில் முதலடி வைக்கும்போதே திருடன் என்னும் பெயர் சூட்டப்பெற்றால், அப்பெயர் ஆயுள் முழுதும் தொடர்தல் கூடும். ஆனால் கழகத்துக் கணிதப் பெரியோராகிய ஹெர்மிட், ஜோர்டான் முதலியோர் கட்டுரையை நன்கு ஆய்ந்தவர்கள். இளைஞரின் வழி அவருடையதே என்பதில் அவர்கட்கு ஐயமில்லை. அவர்கள் தம் தீர்ப்பினின்று பிறழவில்லை. பெட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோர் முட்டாத இடத்தில் முட்டியதாகக் காண்பர். உருவத்தையே உற்று நோக்குவோர் உண்மையைக் காண்பர். இது திரையில் ஆடும் படங்களுக்கு மட்டும் உரிய நெறியன்று.

நட்பு

கியோனிக்ஸ்பெர்க்கில் மின்கோவ்ஸ்கிக்கு அமைந்த நட்பு, நம் நாட்டுப் பழங்கதைகளிற் போற்றப்படும் நட்புக்களோடு ஒருங்கு வைத்து எண்ணத் தக்கது. அவ்வூரினரான டேவிட் ஹில்பர்ட், மின்கோவ்ஸ்கியினும் இரண்டாண்டு மூத்தவர். பாரிசுப் பரிசு பெற்றவரை வலிந்து சென்று நட்பாக்குதல் அடாத செயல் என ஹில்பர்ட்டின் தந்தையார் தடுத்தனராம். மகனாரோ அதற்கு இணங்கிலர். 1884-ஆம் ஆண்டில் அடோல்ஃப் ஹூர்விட்ஸ் என்னும் இளம் பேராசிரியர் அங்கு வந்து சேர்ந்தார். மூவரும் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குச் சந்தித்து, ஆப்பிள் மரம் ஒன்றை நோக்கி நடந்தவாறே கணிதத்தின் மூலைமுடுக்குகளையெல்லாம் அளாவினர். வகுப்பறையிற் பெறாதனவற்றையும் அந்நடையிற் பெற்றனர்.

1885-ஆம் ஆண்டில் மின்கோவ்ஸ்கி ஆராய்ச்சிப் பட்டம் எய்தினார். பின்னர் பான் நகரிலும், 1894-ஆம் ஆண்டு முதல் கியோனிக்ஸ்பெர்க்கிலும், 1896-ஆம் ஆண்டு முதல் சூரிச் நகரத்துப் பொறியியற் கல்லூரியிலும் ஆசிரியராய் அமர்ந்தார். 1897-ஆம் ஆண்டில் அகுஸ்தே ஆட்லர் என்னும் நங்கையை மணந்து, இரு பெண்மக்களுக்குத் தந்தையானார். 1902-ஆம் ஆண்டில் ஹில்பர்ட்டைப் பெர்லின் பல்கலைக்கழகம் அழைத்தது. அவர் அவ்வழைப்பைத் தமக்கு ஊதியம் மிகுத்துக்கொள்ளும் கருவியாக்காமல், தம் நண்பர்க்குக் கெட்டிங்கனிற் புதியதொரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினால் தாம் அங்கேயே தங்குவதாகச் சொல்லி அதனைப் பெற்றார். இருவரும் மீண்டும் ஓரூரில் வாழலாயினர்.

கோலப் புள்ளியும் குவிந்த உருவமும்

மின்கோவ்ஸ்கியின் தலையாய பணி 1896-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய எண்களின் வடிவ கணிதம் என்னும் நூலாகும். எண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு உருவம் வரைந்து விடை காணலாம் என்பது அதன் உட்பொருள். அந்நூலின் முதன்மையான தேற்றத்தை நம் தாய்மார் வாசலில் இடும் புள்ளிக்கோலத்தைக் கொண்டே விளக்கலாம்.

தரையில் ஓரலகு இடைவெளிவிட்டு வரிசை வரிசையாகப் புள்ளிகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு புள்ளியை நடுவாக வைத்து ஓர் உருவம் வரைக. அவ்வுருவத்திற்கு இரண்டு இயல்புகள் வேண்டும். ஒன்று, நடுப்புள்ளிக்கு இருபுறமும் ஒத்திருத்தல். மற்றொன்று, எங்கும் உட்குழியாதிருத்தல். அஃதாவது, உருவத்தினுள் எவ்விரு புள்ளிகளை எடுத்து நேர்க்கோட்டால் இணைத்தாலும் அக்கோடு உருவத்தை விட்டு வெளிச்செல்லாதிருத்தல். இதனைக் குவிந்த உருவம் என்போம். முட்டையும் செங்கல்லும் குவிந்தவை. பிறையும் விண்மீன் வடிவமும் அல்லாதவை. இத்தகைய உருவத்தின் பரப்பு நான்கு சதுர அலகுக்கு மேற்படின், அது நடுப்புள்ளியையன்றி வேறொரு கோலப் புள்ளியையும் உள்ளடக்கியே தீரும் என்பது தேற்றம். எத்துணை நீட்டினாலும், எவ்வாறு சாய்த்தாலும், தப்ப இயலாது.

இதற்கு அவர் வழியிற் கூறும் மெய்ப்பு, முட்டலைக் கண்டறியும் கணக்கேயாகும். உருவத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருக்குக. பரப்பு நான்கில் ஒன்றாகும். எனவே ஒரு சதுர அலகுக்கு மேற்படும். இச்சிற்றுருவத்தின் படியொன்றை ஒவ்வொரு கோலப் புள்ளியிலும் வைக்க. ஒவ்வொரு புள்ளிக்கும் தரையிற் கிடைக்கும் பங்கு ஒரு சதுர அலகே. பங்கினும் பெரிய பாயை ஒவ்வொருவரும் விரித்தால் எங்கேனும் இரண்டு பாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இரா. அங்ஙனம் படிந்த இடத்தில் ஒரு பொதுப்புள்ளி உண்டு. அஃது இரண்டு சிற்றுருவங்களிலும் உள்ளது. முதற் கோலப் புள்ளியிலிருந்து பொதுப்புள்ளிக்கு ஒரு நகர்வு. அங்கிருந்து இரண்டாங் கோலப் புள்ளிக்கு மற்றொரு நகர்வு. உருவம் இருபுறமும் ஒத்திருத்தலின் இவ்விரு நகர்வுகளும் சிற்றுருவத்திற்கு உட்பட்டவையே. இரண்டையும் இரட்டித்தால் பேருருவத்தினுள் இரண்டு இடங்கள் கிடைக்கும். அவ்விரண்டின் நடுவிடமே இரண்டாங் கோலப் புள்ளி. உருவம் குவிந்ததாதலின் நடுவிடமும் உள்ளேயே இருக்கும். ஆகவே பேருருவம் அப்புள்ளியை அடக்கியது என்பது முடிவாயிற்று.

ஈண்டு நாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. இரண்டு உருவங்கள் முட்டினவா என்னும் கேள்வியை அவர், ஓர் உருவத்தினுள் ஒரு புள்ளி இருக்கின்றதா என்னும் கேள்வியாக மாற்றிவிட்டார். இரண்டு பருப்பொருள்களைப் பற்றிய வழக்கு, ஒரு பொருளும் ஒரு புள்ளியும் பற்றிய வழக்காய்ச் சுருங்கிற்று. சிக்கல் பாதியாயிற்று.

வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று குறுகிய வாயிலிற் புக வேண்டியிருக்கின்றது. வண்டியோட்டி யாது செய்கிறான்? வண்டியின் அகலத்திற் பாதியை இருபுறத்துத் தூண்களிலிருந்தும் மனத்தால் ஒதுக்கி, எஞ்சிய இடைவெளியில் வண்டியின் நடுக்கோடு செல்லுமா என்று பார்க்கிறான். தூணைப் பருக்கவைத்து வண்டியை மெலியவைக்கிறான். மின்கோவ்ஸ்கி வகுத்த உருவக் கூட்டல் இதுவே. ஓர் உருவத்தைத் தலைகீழாகத் திருப்பி மற்றோர் உருவத்தின் எல்லாப் புள்ளிகளின்மீதும் நகர்த்தினால், அது கடந்து செல்லும் இடமெல்லாம் சேர்ந்து பெரியதோர் உருவமாகும். நகர்ந்து வந்த பொருள் வெறும் புள்ளியாகிவிடும். புள்ளி அப்பேருருவத்தினுள் இருந்தால் முட்டியது, இன்றேல் முட்டவில்லை. இருவட்டங்களின் ஆரங்களைக் கூட்டிப் பார்க்கும் எளிய முறை இதன் மிகச் சிறிய வகையே.

குவிந்த உருவங்களைப் பற்றி மின்கோவ்ஸ்கி வகுத்த கொள்கை பின்னும் ஒரு கருவியை நமக்கு அளித்தது. குவிந்த உருவங்கள் இரண்டு முட்டாமல் நிற்பின், அவற்றிடையே நேர்கோல் ஒன்றை வைக்க இடம் எப்பொழுதும் உண்டு. கோல் வைக்க இயலுமேல் முட்டவில்லை. எவ்வாற்றானும் இயலாதேல் முட்டின. நேர்ப்பக்கங்களையுடைய பலகோணங்களாயின், அவற்றின் பக்கங்களுக்கு இணையான கோல்களை மட்டும் சோதித்தாற் போதும். வேறு திசைகளை நாட வேண்டுவதில்லை. குழிந்த உருவங்களுக்கு இந்நெறி நேரே பொருந்தாது. பள்ளிப்பட்டின் எல்லையில் ஒருபுறத்து நிலம் மறுபுறத்து நிலத்தின் குழிவில் நுழைந்து நிற்குமிடத்தில், இரண்டிற்கும் இடையே நேர்கோல் வைத்தல் யார்க்கும் ஆகாது. அங்ஙனமாயின் குழிந்த உருவத்தைப் பல குவிந்த துண்டுகளாக அறுத்து, துண்டுக்குத் துண்டு சோதித்தல் வேண்டும். மயிலின் உடல் ஒன்று, கழுத்து ஒன்று, தோகை சில என்று பகுத்துக்கொண்டால், இடையிலுள்ள வெற்றிடத்திற் சென்ற கல் பட்டதெனப் பொய்த்தீர்ப்பு எழாது. அசைபடம் இயற்றுவோர் முதலிற் பெட்டிகளை ஒப்பிட்டு, பெட்டிகள் முட்டினால் மட்டும் இந்நுண்ணிய சோதனையைச் செய்வர். காலமும் மிஞ்சும், உண்மையும் பிழையாது.

இடியும் பணிவும்

உருவங்கள் ஒன்றையொன்று தொடுதல் பற்றிய மற்றொரு நிகழ்ச்சி அவர் பணிவைக் காட்டும். எத்தகைய நிலப்படமாயினும், அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாதபடி நான்கு நிறங்களால் தீட்டிவிடலாம் என்பது பழையதொரு கருத்து. அதற்கு மெய்ப்புக் கண்டார் அக்காலத்தில் இல்லை. கெட்டிங்கனில் ஒருநாள் வகுப்பில் இதனைக் குறிப்பிட்ட மின்கோவ்ஸ்கி, இதுகாறும் சிறியோரே இதனை முயன்றனர், நாமே மெய்ப்பிப்போம் என்று அவ்விடத்திலேயே தொடங்கினராம். வாரங்கள் பல சென்றன. மெய்ப்பு முடிவு பெறவில்லை. ஒருநாட் காலை வகுப்பிற் புகும்போது பேரிடி ஒன்று இடித்தது. அவர் மாணவரை நோக்கி, தம் செருக்கை வானமே கடிந்தது, தம் மெய்ப்பும் குறையுடையதே என்று ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பழைய பாடத்தைத் தொடர்ந்தார் என்பர். நூற்றுக்கணக்கான மாணவர்க்கு ஆசிரியராயினார் ஒருவர் அவர்கள் முன்னிலையிற் குறையை உரைத்தல் எளிதன்று. அக்கருத்து 1976-ஆம் ஆண்டில் ஆப்பெல், ஹாக்கென் என்னும் இருவரால், கணினியின் துணைகொண்டே மெய்ப்பிக்கப்பட்டது.

இடமும் காலமும்

சூரிச் நகரில் மின்கோவ்ஸ்கியிடம் பயின்ற மாணவருள் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் ஒருவர். அக்காலத்தில் அவர் வகுப்புக்களுக்கு ஒழுங்காக வாராதவர். ஆசிரியர் அவரிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்த்திலர். 1905-ஆம் ஆண்டில் அம்மாணவர் சார்பியற் கொள்கையை வெளியிட்டபோது ஆசிரியர் வியப்புற்றார்; ஆனால் பொறாமையுற்றாரல்லர். அக்கொள்கைக்கு ஏற்ற வடிவ கணிதத்தைத் தாமே வகுத்தார். இடத்தின் மூன்று அளவுகளோடு காலத்தையும் நான்காவதாகச் சேர்த்து ஒரே வெளியாகக் காணவேண்டும் என்று, 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் கோலோன் நகரிற் கூடிய அறிஞர் பேரவையில் விளக்கினார். முதலில் இது வேண்டாத கணிதச் சுமை எனக் கருதிய ஐன்ஸ்டைன், பின்னர் 1915-ஆம் ஆண்டில் பொதுச் சார்பியலை நிறுவும்போது இவ்வடித்தளத்தின்மீதே கட்டினார். மாணவரைத் தொடர்ந்து ஆசிரியர் நடந்ததும், ஆசிரியரைத் தொடர்ந்து மாணவர் மீண்டும் நடந்ததும் ஆகிய இக்காட்சி கல்வியுலகிற்கு ஓர் அணியாகும்.

முடிவு

கோலோன் உரை நிகழ்ந்து நான்கு மாதமும் நிரம்பவில்லை. 1909-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் குடல்வால் அழற்சி அவரைத் திடீரெனப் பற்றியது. அறுவை செய்தும் பயனில்லை. தம் பணி முடியாதிருத்தலை எண்ணி வருந்தினார். நோய்ப்படுக்கையிலும் தம் கட்டுரைகளின் அச்சுப்படியைப் பற்றியே எண்ணினார். நண்பர் ஹில்பர்ட்டைக் காண விழைந்தார். ஜனவரி 12-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை, நாற்பத்துநான்கு வயதில் உலகை நீத்தார். மறுநாள் வகுப்பில் அச்செய்தியை அறிவித்த ஹில்பர்ட் கண்ணீர் உகுத்தார் என்ப. எஃகுபோன்ற அறிவினர் அழுததைக் கண்ட மாணவர் திகைத்தனர். நண்பரின் கட்டுரைகளையும் அச்சேறாத கையெழுத்துப் படிகளையும் திரட்டி, 1911-ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளியிட்டு, ஹில்பர்ட் நட்பின் கடன் தீர்த்தார். குவிந்த உருவங்களைப் பற்றி மின்கோவ்ஸ்கி முடிக்காது விடுத்த நீண்ட கட்டுரையும் அத்தொகுதிகளினாலேயே உலகிற்குக் கிடைத்தது.

விளைவு

அவ்விதை மண்ணிற் கிடந்து முளைக்க எழுபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகள் இயங்கத் தொடங்கிய காலத்தில், கை ஒன்று மற்றொன்றின்மேலோ, அருகில் நிற்கும் பொருளின்மேலோ மோதாமல் இருத்தற்கு, இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை நொடிக்குப் பன்முறை கணக்கிடுதல் இன்றியமையாததாயிற்று. மின்கோவ்ஸ்கியின் பேருருவத்தை முழுதும் வரைந்து பார்த்தால் கணக்கு நீளும், காலம் போதாது. 1988-ஆம் ஆண்டில் கில்பர்ட், ஜான்சன், சத்திய கீர்த்தி என்னும் மூவர் இதற்கொரு விரைவான வழி கண்டனர். பேருருவத்தை வரையாமலே, ஒரு திசையைக் குறித்து, அத்திசையில் ஒவ்வோர் உருவமும் எட்டும் கடைசிப் புள்ளி யாது என்று மட்டும் வினவுவர். விடைகளைக் கொண்டு பேருருவத்தினுள் ஒரு சிறு முக்கோணமோ நாற்பட்டகமோ அமைத்து, அடுத்த திசையைத் தேர்வர். சில படிகளில், நடுப்புள்ளி உள்ளதா இல்லையா என்பது துணியப்படும். எத்திசையில் எத்துணை எட்டுகிறது என்னும் இக்கேள்வியும் மின்கோவ்ஸ்கி கையாண்டதே. மூவரின் பெயர் முதலெழுத்துக்களால் வழங்கும் இம்முறை இன்று கணினி விளையாட்டுக்களிலும் இயந்திரக் கைகளின் ஆட்சியிலும் யாண்டும் பயில்கின்றது. மூவருள் சத்திய கீர்த்தி, நம் திருச்சிராப்பள்ளியில் அக்காலத்து வட்டாரப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர் என்பது நமக்குப் பெருமிதம் தருவது.

விளையாட்டில் மயிலின்மேற் கல் பட்டதாகப் பிழைபடக் காட்டினால் ஆடுவோர்க்குச் சிறு வருத்தமே. ஆட்டத்தை மீண்டும் தொடங்கலாம். தொழிற்சாலையில் அங்ஙனம் அன்று. நம் மாவட்டத்தின் மேற்கோடியாகிய பள்ளிப்பட்டில் தறியோசை கேட்கிறது. கீழ்க்கோடியாகிய கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையின் இயந்திர ஓசை கேட்கிறது. நம்மோடு பள்ளியிற் பயின்றோர் பலர் இயந்திரங்களின் அருகில் நின்று உழைத்துக் குடும்பங் காக்கின்றனர். அவர்தம் கைக்கும் எஃகுக் கைக்கும் இடையேயுள்ள தூரம் திரையில் ஆடும் படமன்று. உயிரோடும் உறுப்போடும் தொடர்புடையது. முட்டுமா முட்டாதா என்னும் கேள்விக்கு நொடிப்பொழுதிற் பிழையாத விடை வேண்டும் இடம் அதுவே. பயனற்ற கனவு எனச் சிலர் எள்ளக்கூடிய தூய கணிதம், அங்கே காவலாய் நிற்கின்றது.

நண்பர்காள்! மின்கோவ்ஸ்கி எண்ணின் அழகை நாடிச் சென்றார். இயந்திரக் கையை அவர் கண்டதில்லை. தாம் கற்பது யாதேனும் உடனே ஊதியம் தருமா என்று நம்மிற் பலர் நாள்தோறும் வினவப்படுகிறோம். தமிழ் பயில்வோர் ஏனையோரினும் மிகுதியாக வினவப்படுகிறோம். அவ்வினாவிற்கு இவர் வரலாறு ஒரு தக்க விடையாகும். ஊரை இழந்து அயலூர் புகுந்த சிறுவர், களவுப்பழி சுமந்த இளைஞர், நண்பரோடு நடந்தே நூல் பயின்ற அறிஞர், குறையை ஒப்பிய ஆசிரியர், முடியாப் பணியோடு மறைந்த பெரியார் ஆகிய இவர், தம் பங்கைப் பழுதறச் செய்துவிட்டுச் சென்றார். நம் பங்கையும் அங்ஙனமே செய்வோமாக. அதன் பயன் எவர் கையில், எந்நாளில் விளையும் என்பதைக் காலம் காட்டும்.